ஒன்றரைப் பேர்

அத்தியாயம் 3

"ஆறு நாட்டுல நாம ஆறாவது" என்றான் டெனின். "மெடல் கிடைக்காதுன்னு தெரியும். கலந்துக்கிட்டதுக்கு ஒரு சர்டிபிகேட்டாவது குடுப்பாங்களா சேச்சி?"

ஜீப் கோத்தகிரியைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பிலோமியின் மடியில் ஓர் அறிக்கை இருந்தது. தேயிலை விளையும் ஆறு நாடுகளின் போட்டித் திறனை ஒப்பிட்டுச் சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. கென்யா முதலிடம். இலங்கை ஐந்தாவது. இந்தியா கடைசி.

இந்தியா என்று அச்சாகியிருந்தது. ஆனால் நாட்டுக்கு ஒரு தோட்டத்தைத்தான் மாதிரிக்கு எடுத்திருந்தார்கள். இங்கே அது கீழ் கோத்தகிரியில் ஹார்விக் எஸ்டேட், அதிலும் மேல் டிவிஷன் மட்டும்.

ஹார்விக்கிடம் தூள் வாங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டுக் கம்பெனி அறிக்கையைப் படித்தது. வாங்குவதை நிறுத்தியது. மாதக் கடைசியில் ஃபேக்டரியை மூடுவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். தொழிலாளர்கள் தாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும்.

பழி தங்கையா மேல் விழுந்தது. மேல் டிவிஷன் கங்காணி. தினமும் சாயங்காலம் சென்னை நிறுவனத்தின் ஆய்வாளர் ஃபோனில் கேட்பார். மலையில் எத்தனை பேர், எவ்வளவு கொழுந்து என்று தங்கையா சொல்வார். முப்பது பேர் கொழுந்து எடுத்த நாளில் நாற்பத்தைந்து என்று சொல்லியிருக்கிறார். ஆள் கணக்கு ஏறினால் ஓர் ஆள் பறித்த எடை இறங்கும். யாரோ கொடுத்ததை வாங்கிக்கொண்டு தோட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றது ஆபீஸ். அவரை சஸ்பெண்ட் செய்தது. லயம் முழுக்க அதை நம்பியது.

மகள் சுகுணா நம்பவில்லை. அவளும் அங்கே கொழுந்து எடுப்பவள்தான். முந்தைய நாள் லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, ஊட்டி காந்தலில் தையல் கடைக்கு மேலே இருக்கும் பிலோமியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தாள்.

"எங்கப்பா பேரை மீட்டுக் குடுங்கக்கா" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

டெனின் கூடலூர்க்காரன். ஜீப் அவனுடையது. அதனால் அவனை உதவியாளர் வேலையிலிருந்து நீக்க முடியவில்லை.

"சேச்சி, ஒரு சந்தேகம். நாடும் நாடும் போட்டி போடுதுன்னா, எங்க நின்னு போடுது? கிரவுண்டு எங்க இருக்கு?"

"ரோட்டைப் பாரு."

*

மேனேஜர் பாலமுருகன் கோயம்புத்தூர்க்காரர். மேஜையில் வெவ்வேறு தூள் நிறைந்த கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. ருசி பார்க்க யாரும் இல்லை.

"ஏனுங்க, இதுல கண்டுபுடிக்க என்னங்க இருக்குது? ஆளே ஒத்துக்கிட்டாருங்க" என்றார்.

"என்னன்னு?" என்றாள் பிலோமி.

"நாப்பத்தஞ்சுதான் சொன்னேன்னு."

"பொய்னு ஒத்துக்கிட்டாரா?"

"அதை மட்டும் ஒத்துக்க மாட்டேங்கறாருங்க."

"முப்பது பேரை நாப்பத்தஞ்சுன்னு சொல்றது பொய் இல்லைன்னா, அது கட்சி மாநாடு" என்றான் டெனின்.

பாலமுருகன் சிரிக்கவில்லை. "கென்யாவுல ஒரு ஆளு முப்பத்தஞ்சு கிலோ பறிக்கறான்னு போட்டிருக்குதுங்க. நம்மாளு இருபத்தஞ்சு. உலகத்துக்கே சொல்லியாச்சு. இனி நானே எறங்கிப் பறிச்சாலும் ஒண்ணும் ஆகாதுங்க."

"நீங்க பறிப்பீங்களா சார்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேனுங்க."

பிலோமி அறிக்கையின் பின்பக்கத்தைப் புரட்டினாள். தினக் கணக்கு அங்கே இருந்தது. அதைத் தங்கையா சொன்னபடியே அச்சிட்டிருந்தார்கள்.

"பனிக்காலத்துல ஒரு நாள் இருபதுன்னு சொல்லியிருக்கார். அன்னிக்கு மலையில எத்தனை பேர்?"

பாலமுருகன் கம்ப்யூட்டரைத் தட்டினார். "அன்னிக்கும் முப்பதுதானுங்க."

"அப்ப குறைச்சும் சொல்லியிருக்கார்."

"ஆமாங்க."

"ஆள் குறைஞ்சா ஒரு ஆளோட எடை ஏறும். தோட்டத்துக்கு நல்லது. காசு வாங்கினவர் அதை எதுக்குச் செய்யணும்?"

பாலமுருகன் யோசித்தார். "அன்னிக்குக் கொஞ்சம் தண்ணி போட்டிருப்பாருங்க."

"குடிப்பாரா?"

"இல்லீங்க" என்றார் பாலமுருகன். அவர் குரல் இறங்கியது.

வெளியே வந்ததும் டெனின் சொன்னான். "சேச்சி, இப்படிப் பொய் சொல்றவரை நான் பார்த்ததில்ல. கூட்டியும் சொல்றார், குறைச்சும் சொல்றார். பொய்யிலயும் ஒரு நியாயஸ்தர்."

*

லயத்தில் கடைசி வீடு. கதவு திறந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அவர்களைப் பார்த்ததும் தன் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தங்கையா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது. கோட்டைக் கழற்றவில்லை. வேலைக்குப் போகும் கோட்டு அது.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். டீயை அவர் இன்னும் அப்படித்தான் சொல்வார். இலங்கையில் ஹட்டன் பக்கம் பிறந்தவர். எட்டு வயதில் கப்பல் ஏறியவர்.

"வேணாங்கய்யா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நான் சரியாத்தான் சொன்னேன்."

"முப்பது பேர்தானே இருந்தாங்க?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "அந்தத் தம்பி கேட்டுச்சு. கேட்டதுக்குச் சொன்னேன். காலையில ஆள் கூடுற பெரட்டுல அத்தனை ஜனத்துக்கு முன்னாடி வச்சுக் கள்ளன்னாங்க. அதுக்கப்புறம் என்னத்தைச் சொல்றது. என்னால ஏலாது."

"என்ன கேட்டாங்க?"

"எத்தனை பேருன்னுதான்."

பிலோமியும் டெனினும் கிளம்பினார்கள். சுகுணா வாசல் வரை வந்தாள்.

"இப்படித்தாங்கக்கா. போலீஸ்ல சொல்லுவோம்னு மேனேஜர் மிரட்டினப்பவும் இதையேதான் சொன்னாரு. பைப்புல நான் குடத்தை வச்சா மத்தவங்க அவங்க குடத்தை எடுத்துட்டுப் போயிடறாங்க. சின்னம்மை அத்தை ஒருத்தங்கதான் பேசறாங்க."

"அவங்க ஏன் பேசறாங்க?"

"அவங்களுக்குப் பேசாம இருக்க வராது."

*

நிறுவை நடக்கும் இடம் ரோட்டோரத்தில் ஒரு தகரக் கூரை. கம்பியில் டிஜிட்டல் தராசு தொங்கியது. பெண்கள் பைகளை இறக்கிவிட்டு நின்றார்கள். சுகுணாவைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

பிலோமி கல்லின் மேல் உட்கார்ந்து செல்ஃபோனில் கணக்குப் போட்டாள். ஒவ்வொரு நாளும் வந்த கொழுந்தை, அன்று தங்கையா சொன்ன எண்ணிக்கையால் வகுத்தாள். மழைக்காலத்தில் ஒரு நாள். இருபத்தைந்து. வெயிலில் ஒரு நாள். இருபத்தைந்து. பனியில் செடி கருகிக் கிடந்த வாரம். இருபத்தைந்து.

அவள் இலங்கைப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே வேறு எண். ஆனால் அதுவும் மழைக்கும் வெயிலுக்கும் அசையவில்லை. கென்யா ஏறி இறங்கியது. வியட்நாம் ஏறி இறங்கியது.

"டெனின். பரீட்சையில ரெண்டு பசங்க ஒரே தப்பைப் பண்ணினா?"

"பார்த்து எழுதியிருப்பானுங்க."

"நடுவுல கடல் இருக்கு."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வாத்தியார்."

அவள் எழுந்தாள். அதற்குள் தராசுப் பக்கம் சத்தம் கேட்டது. ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி புதிதாக வந்த கணக்கரிடம் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு வெரசா எடுத்தாலும் கொழுந்து இருந்தாத்தானே வரும்? நேத்தும் எனக்கு அரைப் பேரு போட்டே. இன்னிக்கும் போட்டா நான் எங்க போறது?"

"அதாங்க சின்னம்மை அத்தை" என்றாள் சுகுணா.

டெனின் முன்னால் போனான். "அரைப் பேரா? எந்தப் பாதி அத்தை? சின்னவா, அம்மையா?"

"அம்மை உனக்குப் போடட்டும்" என்றாள் சின்னம்மை. நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள்.

பிலோமி சிரிக்கவில்லை. அவள் சுகுணாவின் கையைப் பிடித்தாள்.

"அரைப் பேர்னா என்ன?"

"அதுதாங்கக்கா. இருபத்தஞ்சு கிலோ வரலைன்னா அரைப் பேரு. பாதிச் சம்பளம்."

"இருபத்தஞ்சு வந்தா?"

"ஒரு பேரு."

"அதுக்கு மேல வந்தா?"

"சீசன்ல முப்பத்தேழு, முப்பத்தெட்டு வரும். அப்ப ஒண்ணரைப் பேரு." சுகுணாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எல்லா ஊர்லயும் அப்படித்தானே சொல்லுவாங்க?"

"நான் வேற எங்கயும் கேட்டதில்ல. கீழ் டிவிஷன்ல என்ன சொல்றாங்க?"

சுகுணா யோசித்தாள். "அவங்க ஃபுல்லு, ஹாஃபும்பாங்க. அவங்கல்லாம் கீழேருந்து வந்தவங்க. எங்க டிவிஷன் பூராவும் சிலோன்லேருந்து வந்தவங்க. இது அங்கத்துப் பேச்சு."

"ஆபீஸ்ல?"

"ஆபீசுக்கு அப்பா ஆள் கணக்குத்தான் குடுப்பாரு. மலையிலதான் பேர்க் கணக்கு."

டெனின் தகரக் கம்பத்தில் சாய்ந்தான். சிரிப்பு போயிருந்தது. "ஃபோன்ல அந்த ஆள் எத்தனை பேர்னு கேட்டிருக்கான். இவர் பேரைச் சொல்லியிருக்கார்."

"முப்பது ஆள். ஆளுக்கு ஒண்ணரைப் பேர். நாப்பத்தஞ்சு" என்றாள் பிலோமி. "பனியில பாதிக்கு மேல அரைப் பேர், அதான் இருபது. எவ்வளவு பறிக்கிறாங்களோ அவ்வளவு பேர் கூடும். அதனால இவங்க எவ்வளவு பறிச்சாலும் இருபத்தஞ்சுதான். மலையையே உருவிக்கிட்டு வந்தாலும் இருபத்தஞ்சுதான்."

சுகுணா பிலோமியைப் பார்த்தாள். "அப்பா பொய் சொல்லலை."

"இல்ல. யாருமே பொய் சொல்லலை."

*

ஆய்வாளர் ஆதித்யா குன்னூரில் ஒரு விருந்தினர் விடுதியில் தங்கியிருந்தான். சென்னைப் பையன். முப்பது வயதிருக்கும். மரியாதையாகப் பேசினான். முழுக்கக் கேட்டான். குறுக்கே பேசவில்லை.

"ஃபோன்ல என்ன கேட்டீங்க? அதே மாதிரி சொல்லுங்க" என்றாள் பிலோமி.

"'ஐயா வணக்கம், இன்னைக்கு எத்தனை பேர்?'னு கேப்பேன் மேடம்."

"இலங்கையில கேட்டது யாரு?"

"என் கூட வேலை பாக்கறவர். அவரும் சென்னைதான். தமிழ்லதான் கேட்டார்." சொல்லிவிட்டு நிறுத்தினான். லேப்டாப்பைத் திறந்தான். எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வருஷம் பூரா ஒரே எடை. உங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

"வந்துது மேடம். ஆனா..." அவன் அறிக்கையில் ஒரு பக்கத்தைக் காட்டினான். இந்தியாவும் இலங்கையும் உற்பத்தியில் வியக்கத்தக்க நிலைத்தன்மை கொண்டவை என்று எழுதியிருந்தது. அதற்கு ஒரு வரைபடமும் போட்டிருந்தார்கள். இரண்டு நேர்க்கோடுகள்.

"நல்லா நேரா வந்திருக்கு" என்றான் டெனின். "ஸ்கேல் வச்சாலும் எனக்கு இவ்வளவு நேரா வராது."

"கென்யாவுல என்ன கேட்டீங்க?" என்றாள் பிலோமி.

"அது வேற டீம் மேடம். வேற மொழி."

"அந்த மொழியில ஆளுக்கு என்ன வார்த்தை?"

"தெரியாது."

"வியட்நாம்ல?"

"தெரியாது மேடம்."

"அப்ப யாரு முதல்ல, யாரு கடைசின்னு..."

"தெரியாது" என்றான் ஆதித்யா. தலை குனிந்திருந்தான். "ஆனா எங்ககிட்ட ஒரு வரிசையைத்தான் கேக்கறாங்க. தெரியலைன்னு ஒரு அட்டவணை போட முடியாது."

ஆதித்யா அறிக்கையை மூடி வைத்தான்.

"இதுல தப்பு என்னுது மேடம். அவரோடது இல்ல. இன்னைக்கே திருத்தி அனுப்பறேன். எஸ்டேட்டுக்கும் அந்தக் கம்பெனிக்கும் நானே எழுதறேன்."

அவன் சொன்னபடி செய்தான். குற்றவாளி இல்லாத வழக்கு இது என்று டெனின் திரும்பும் வழியெல்லாம் வருத்தப்பட்டான். கைது செய்வதாக இருந்தால் ஒரு வார்த்தையைத்தான் கைது செய்ய வேண்டும். அதற்கும் வயதாகிவிட்டது, ஜாமீன் கொடுத்துவிடுவார்கள்.

*

சனிக்கிழமை பாலமுருகன் கூப்பிட்டார். போனபோது மேஜையில் தட்டில் வர்க்கி பிஸ்கட் இருந்தது. சூடான டீயும் இருந்தது.

"ரெண்டாவது எடமுங்க" என்றார். "கென்யாவுக்கு அடுத்தது நாமதானுங்க. திருத்தின அட்டவணை வந்திருச்சு. கம்பெனி மறுபடி வாங்கறாங்க. ஃபேக்டரி மூடலைங்க."

"தங்கையா?"

"காலையில பெரட்டுல எல்லாரு முன்னாடியும் கையைப் புடிச்சு மன்னிப்புக் கேட்டேனுங்க. திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டேன்."

டெனின் இரண்டாவது வர்க்கியை எடுத்தான். "இனிமே நான் நம்ம நாட்டைக் குறை சொல்ல மாட்டேன் சார்."

பிலோமி பாலமுருகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் டீயைத் தொடவில்லை.

"இன்னும் என்ன?" என்றாள்.

"கம்பெனிக்காரங்க ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க." அவர் கிண்ணம் ஒன்றை நகர்த்தி வைத்தார். "ஒரு ஆளால முப்பத்தேழு கிலோ பறிக்க முடியும்னா, இருபத்தஞ்சுக்கு எதுக்கு ஒரு நாள் சம்பளம்னு."

பிலோமி டீயைக் கீழே வைத்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முதலாளிகிட்ட கேட்டாங்க. அவரு எங்கிட்ட கேட்டாரு. எனக்குப் பதில் தெரியலைங்க. திங்கக்கிழமையிலிருந்து முப்பத்தேழு வந்தாத்தான் முழுச் சம்பளம். அதுக்குக் கொறைஞ்சா பாதி."

"முப்பத்தேழுங்கிறது சீசன்ல வந்தது. பனியில எப்படி வரும்?"

"அவங்க பார்க்கற அட்டவணையில பனி இல்லைங்க."

"நீங்க சொல்லலாமே."

"சொன்னேனுங்க. கென்யாவுலயும் மழை வெயில் இருக்குதுன்னாங்க. இதை ஒத்துக்கறீங்களா, மூடறீங்களான்னு கேட்டாங்க." அவர் கண்ணை அழுத்தித் தேய்த்தார். "உங்க மேல தப்பில்லீங்க. நீங்க உண்மையைத்தானுங்க நிரூபிச்சீங்க."

டெனின் கையிலிருந்த வர்க்கியைத் தட்டில் திருப்பி வைத்தான்.

*

திங்கள் மாலை பிலோமி மறுபடி போனாள். யாரும் கூப்பிடவில்லை. டெனின் காரணம் கேட்கவில்லை.

தகரக் கூரையின் கீழ் தங்கையா நின்றிருந்தார். கோட்டுப் பொத்தான்களைப் போட்டிருந்தார். பெண்கள் அவரிடம் பேசினார்கள். தண்ணீர் வேண்டுமா என்று ஒருத்தி கேட்டாள். இனி அவர் கள்ளன் இல்லை.

மார்கழி தொடங்கியிருந்தது. பைகள் பாதிதான் நிறைந்திருந்தன.

அவர் தராசைப் பார்த்து எடையைச் சொல்லுவார். பிறகு பேரைச் சொல்லுவார். கணக்கர் எழுதிக்கொண்டார்.

"சின்னம்மை. பதினெட்டு. அரைப் பேரு."

சின்னம்மை எதுவும் சொல்லவில்லை. பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அடுத்தவள். அரைப் பேர். அதற்கு அடுத்தவள் பிள்ளைத்தாய்ச்சி. அரைப் பேர்.

சுகுணா பையைக் கொக்கியில் மாட்டினாள். வரிசையில் இருந்தவர்களில் அவள்தான் கெட்டிக்காரி. தராசு முப்பதில் நின்றது. போன வாரம் என்றால் ஒரு பேர், முழுச் சம்பளம்.

தங்கையா எடையைச் சொன்னார். கணக்கர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பின்னால் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"சொல்லுங்கப்பா" என்றாள் சுகுணா. "பின்னாடி ஆளு நிக்குது."

"அரைப் பேரு" என்றார் தங்கையா.

அவள் பையைக் கழற்றிக்கொண்டு நேரே பிலோமியிடம் வந்தாள். அழவில்லை. மூச்சு வாங்கியது.

"அக்கா, உங்களைக் குறை சொல்லலை. நான்தான் கேட்டேன். நீங்க மீட்டுக் குடுத்தீங்க."

பிலோமி ஆதித்யாவுக்கு இரண்டு தடவை ஃபோன் செய்திருந்தாள். நாங்கள் அளக்கத்தான் முடியும் மேடம், அதை வைத்து அவர்கள் செய்வதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அவன் மிகவும் வருத்தத்தோடு சொல்லியிருந்தான். லேபர் ஆபீசில் ஒருவரைத் தெரியும். மனு கொடுக்கச் சொன்னார். மனு போகும் வழியையும் அவரே சொன்னார். அது நீளமாக இருந்தது.

நிறுவை முடிந்தது. பெண்கள் லயத்தை நோக்கி ஏறினார்கள். தங்கையா ஜீப் பக்கம் வந்தார். டெனின் எழுந்து இடம் விட்டான். அவர் உட்காரவில்லை.

"அம்மா" என்றார். "ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கய்யா."

"நான் பொய்தான் சொன்னேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாறேன். காசு வாங்கினேன்னே எழுதுறேன். நீங்க கண்டுபிடிச்சது தப்புன்னு ஆயிடும். பழைய கணக்கையே வச்சுக்குவாங்களா?"

பிலோமி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"வச்சுக்குவாங்க" என்றாள். "ஆனா அப்ப நாம மறுபடி கடைசி. ஃபேக்டரியை மூடிடுவாங்க ஐயா."

தங்கையா தலையாட்டினார். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

"கேட்டுப் பார்த்தேன்" என்றார். திரும்பிப் போய்த் தராசைக் கம்பியிலிருந்து கழற்றினார். துணியில் சுற்றிக்கொண்டு ஃபேக்டரியை நோக்கி இறங்கினார்.